பெட்டிக்குள் கையெழுத்துப் போடாதவன்

வஜ்ரம் என்பது தச்சர்கள் காய்ச்சுகிற பசை. தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. பிடித்தால் விடாது. அந்தப் பெயரை அந்த மனிதருக்கு யார் வைத்தார்களோ தெரியாது, ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பி வாத்தியங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வயது அறுபத்தாறு. மனதில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றினாலும் கழன்று வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மச்சினன், அதாவது பெண்டாட்டியின் தம்பி, ஒரு பெட்டியைப் பட்டறைக்குத் தூக்கிவந்தான். பின்னாலேயே மியூசியத்திலிருந்து ஓர் அம்மா, கையில் நோட்டோடு. பெட்டி ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். மேலே அறுபது எழுபது கம்பி. இரண்டு சின்னச் சுத்திகளால் தட்டி வாசிப்பது. மியூசியத்து அம்மா டல்சிமர் என்றாள். சந்தூருக்கு ஒன்றுவிட்ட அக்காள் என்று வைத்துக்கொள்ளலாம். வஜ்ரத்தின் மாமனார் வீட்டில் அதற்குப் பேரே கிடையாது, வெறும் 'பெட்டி'தான். மாமனாரும் இதே தொழில். பழுது பார்க்கக் கொடுத்தவன் திரும்பி வரவே இல்லை. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அலமாரி மேலேயே கிடந்தது. மாமனார் போய்ச் சேர்ந்தார். இப்போது மச்சினன் வீட்டை ஒழிக்கிறான். பெட்டி மியூசியத்துக்கு.

"யார் செஞ்சது, எப்ப செஞ்சது, யார் யார் கை பட்டதுன்னு எல்லாம் எங்களுக்கு எழுதி வேணும் ஐயா," என்றாள் மியூசியத்து அம்மா. "கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு அட்டை வைப்போம். அடிப்பலகை விட்டிருக்கு, அதையும் ஒட்டணும்."

"திறந்தா உள்ள எழுதியிருக்கும். எங்க தொழில்ல திறக்கிறவன் மூடறதுக்கு முன்னாடி பென்சில்ல எழுதிட்டுத்தான் மூடுவான். என்ன செஞ்சான், எப்ப செஞ்சான், அவன் அடையாளம். அவனவன் கையை அவனவன்தான் எழுதணும். அடுத்தவன் பேரை எழுத மாட்டோம்."

"பொய் எழுதினா?"

வஜ்ரம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியத்துக்குள்ள பொய் எழுதறவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கறவன்மா."

அதற்குள் அவர் பெண்டாட்டி டீ கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். அவருடையதை வழக்கம் போல மேஜைக்கு இடது பக்கம் பசைச்சட்டியை ஒட்டி வைத்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அங்கேதான் வைக்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாக அவரும் சொல்கிறார்.

"வலது பக்கம் வைடின்னா காதுல ஏறாதா? என்னைக்காவது டீயில பிரஷ்ஷை விட்டுட்டு பசையைக் குடிக்கப்போறேன்."

"குடிச்சா நல்லதுதான். வாய் ஒட்டிக்கும்," என்றாள் அவள். பெட்டியைப் பார்த்தாள். ஒரு கம்பியை நகத்தால் சுண்டினாள். சத்தம் அறை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு உள்ளே போய்விட்டாள். போகும்போது முனகிக்கொண்டே போனாள், ஏதோ பாட்டு. அவள் பாடி வஜ்ரம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

அது என்ன முகம்? அப்போதே அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

மற்றவர்கள் போனபின் மெல்லிய கத்தியைச் சூடு பண்ணி, அடிப்பலகையின் ஓரமாக விட்டு, விரல் விரலாக நகர்த்தித் திறந்தார். பழைய பசை முறுக்முறுக்கென்று விட்டது. பலகையைத் திருப்பிப் போட்டு விளக்கைக் கிட்டே இழுத்தார்.

ஒரு மூலையில் காய்ச்சின இரும்பால் சுட்ட அடையாளம், ஒரு சாவி. அதுதான் எல்லாவற்றுக்கும் பழசு. பலகை நடுவில் ஒரு துவாரத்தைக் கட்டை வைத்து அடைத்திருந்தது. வட்டமும் அதன் கீழே ஒரு வாலும். சாவித் துவாரம். ஆக ஒரு பழைய கதவை அறுத்துத்தான் அடிப்பலகை போட்டிருக்கிறான். கம்பி கட்டுகிற முளைகளும் வாங்கினவை அல்ல, கையால் அடித்தவை. "பூட்டுக்காரன்டா நீ," என்றார் வஜ்ரம், செத்து நூறு வருஷம் ஆனவனிடம். அவன் மேல் அவருக்கு ஒரு வயிற்றெரிச்சலும் வரவில்லை. பூட்டுக்காரன் மரவேலை செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, மூலைக்கு மூலை இடைவெளி.

அதற்குக் கீழே பென்சில் எழுத்துகள். ஒருவன், 'பன்னிரண்டு முளை மாற்றினேன். விடாத மழை. பசை காயவில்லை.' அடுத்தவன், 'எனக்கு முன்னால் திறந்தவன் முட்டாள்.' வஜ்ரம் சிரித்தார். கடைசியில் இரண்டு ரம்பம் குறுக்கே போட்ட அடையாளம். மாமனார். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

'அடிப்பலகை ஒட்டினேன். மேல்பலகை புதிது. அது என் கை அல்ல.'

கீழே தேதி. வஜ்ரத்தின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

சிரிப்பு நின்றது. மேல்பலகைதான் வாத்தியத்தின் தொண்டை. அதைப் போட்டவன் யார்? பெட்டியைக் கவிழ்த்து அந்தப் பலகையின் உட்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்படி ஒரு வேலையை அவர் பார்த்ததில்லை. மெல்லிய பலகை. தடித்த கம்பிகள் இருக்கிற பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிந்து, மெலிந்ததே தெரியாமல் மெலிந்திருந்தது. பலகையைத் தாங்கும் உள்கட்டைகளின் முனையை மீன் வால் மாதிரி சீவி இறக்கியிருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. இழைப்புளியை வைத்ததோடு சரி. உளி போன இடத்தில் மறுபடி உளி போகவில்லை.

ஒரு குறையாவது கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அளவுகோல் எடுத்து அளந்தார். இருபது இடத்தில் அளந்தார். ஒட்டில் ஊசி நுழைகிறதா என்று குத்திப் பார்த்தார். ஊசிதான் வளைந்தது. நாற்பது வருஷத் தொழிலில் அவர் போட்ட மேல்பலகை அத்தனையும் ஞாபகம் வந்தது. எல்லாம் உழைக்கும். ஒன்றும் பாடாது. யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை, அவருக்கே தெரியும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இழைப்புளித் தடம் சாய்ந்திருந்த பக்கம் தப்பு. உளி வெட்டும் அப்படியே. இது இடதுகைக்காரன் வேலை.

அன்று மதியம் மச்சினனுக்குப் போன் போட்டார்.

"டேய், உங்கப்பா பட்டறையில அந்தக் காலத்துல யாரு இருந்தா?"

"எனக்கு அப்ப பத்து வயசு மாமா. நெட்டையன் ஒருத்தன் இருந்தானே. கதவு நிலையில தினம் தலையை இடிச்சுக்குவான்."

"இடதுகையா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நல்லா சிரிச்சுப் பேசுவான். அக்காவுக்கே அவனைப் பார்க்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அப்புறம் கப்பல் வேலைக்குப் போயிட்டான். அப்புறம்தான நீங்க வந்து மாட்டினீங்க!" ஹஹ்ஹா என்று சிரித்தான். அவன் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறவன். எதை எதோடு சேர்த்தால் ஷாக் அடிக்கும் என்று கடையில் மட்டும்தான் பார்ப்பான்.

வஜ்ரம் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் நெட்டையன் என்று வாயைத் திறந்திருக்கிறாளா? இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளே. அந்த முனகலுக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. அவன் செய்த தொண்டை, இவள் பாட்டு. தன் பட்டறையில், தன் மேஜை மேல், தான் அளந்து பார்த்து வாயைப் பிளக்கும்படி கிடக்கிறது.

ராச்சாப்பாட்டில் மெதுவாக வாயைக் கிளறினார்.

"அந்த மேல்பலகை யார் போட்டது, உனக்குத் தெரியுமா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எப்படி இருக்கு?" என்றாள்.

"என்ன எப்படி?"

"பலகை. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"சுமார்," என்றார் வஜ்ரம். "எவனோ கத்துக்குட்டி."

அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். ஓகோ, அவனைச் சொன்னால் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மியூசியத்து அம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, போன்ல நீங்க சொன்னது சரி, பூட்டுக்காரரேதான்! நகராட்சியில பழைய லைசென்ஸ் ரிஜிஸ்தர் எடுத்துப் பார்த்தேன். நூத்து முப்பத்திரண்டு வருஷம் முன்னாடி கால்வாய்த் தெருவுல பூட்டுக் கடை. பேர் இருக்கு, பக்கத்துல இதே சாவி முத்திரை இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகாரும் இருக்கு. 'இவன் பூட்டு செய்வதை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கம்பி தட்டுகிறான், காது போகிறது'ன்னு."

"நியாயமான புகார்தான்," என்றார் வஜ்ரம். "அவன் போட்ட மேல்பலகை தகரம் மாதிரி சத்தம் போட்டிருக்கும்."

அவள் பெட்டிக்கு உள்ளே குனிந்து பார்த்தாள். விரல் மடக்கி மேல்பலகையைத் தட்டினாள். காதைக் கிட்டே வைத்து மறுபடி தட்டினாள். "ஐயா, நான் இதுமாதிரி நாப்பது பெட்டி பார்த்திருக்கேன். உடம்பு செஞ்சவர் பூட்டுக்காரர். ஆனா குரல் கொடுத்தவர் இவர். அட்டையில ரெண்டு பேரையும் போடணும். இது யார் ஐயா? உங்க மாமனார் தன் கை இல்லைன்னு எழுதிட்டாரே."

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் பெண்டாட்டி டீயோடு வாசலில் வந்து நின்றாள். மியூசியத்து அம்மாவின் கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. வஜ்ரம் அதைப் பார்த்தார். அவனுக்காக அப்படி ஒரு முகம். நெட்டையன் பேர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏறும், இவள் தம்பியோடு போய் நின்று பார்ப்பாள், திரும்பி வந்து முனகுவாள்.

வாய் தானாகத் திறந்தது.

"நான்தான்," என்றார்.

"நீங்களா!"

"கல்யாணத்துக்கு முந்தி. மாமனார் கூப்பிட்டுக் கொடுத்தார். எழுத மறந்துட்டேன்."

மியூசியத்து அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. நோட்டில் எழுதினாள். "அப்ப இப்ப எழுதிடுங்க ஐயா, மூடறதுக்கு முன்னாடி. நாளைக்குப் பதினொரு மணிக்கு வண்டியோட வர்றேன்."

பெண்டாட்டி கிட்டே வந்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள். வலது பக்கம் வைத்தாள்.

வஜ்ரம் அன்று சாயங்காலம் பென்சிலை எடுத்தார். மாமனார் எழுதின 'அது என் கை அல்ல' என்பதற்குக் கீழே, 'மேல்பலகை என் கை' என்று எழுதித் தன் அடையாளமான பசைச்சட்டியைப் போட்டார். சுடச்சுடப் பசை தடவி, அடிப்பலகையை வைத்து, எட்டு கிளாம்ப் போட்டு இறுக்கினார். தீர்ந்தது. நெட்டையனை உள்ளே வைத்து மூடியாகிவிட்டது.

தீரவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு டீ வந்தது. மறுபடியும் வலது பக்கம். அவள் முந்தின நாளிலிருந்து பேசவில்லை. அவர் கிளாம்ப்பைக் கழற்றினார். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த மௌனம் பல்லில் சிக்கின நார் மாதிரி உறுத்தியது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன, அவன் பேர் வரலைன்னு வருத்தமா?"

"எவன் பேர்?"

"நடிக்காதே. நெட்டையன்."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நெட்டையனா? அவனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்க வராது. எங்கப்பா அவனைக் கூட்டிப் பெருக்க வச்சிருந்தாரு. ஐயோ, இவ்வளவு நாளா அவனையா... உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"அப்ப யாருடி போட்டது?"

சிரிப்பு நின்றது. அவள் நேராக மேஜைக்கு வந்தாள். சுவரில் மாட்டியிருந்த அவருடைய சின்ன இழைப்புளியை எடுத்தாள். அதைத் தொட மச்சினனுக்கும் அனுமதி கிடையாது, கடவுளுக்கும் கிடையாது. கத்தியைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்து, "மழுங்கியிருக்கு," என்றாள். ஒரு துண்டுப் பலகையைக் கவ்வியில் மாட்டினாள். இழைப்புளியை இடது கையில் பிடித்தாள்.

ஒரு தள்ளு. சுருள் ஒன்று வந்தது. முழு நீளத்துக்கும் அறுபடாமல், எதிரில் இருக்கிற சன்னல் தெரிகிற மாதிரி மெலிசாக. இரண்டாவது. மூன்றாவது. அறுபது வயதுக் கை ஒரு தடவை கூட நிற்கவில்லை. பலகையில் விழுந்த தடம் தப்பான பக்கம் சாய்ந்திருந்தது.

வஜ்ரம் அந்தத் தடத்தைப் பார்த்தார். இவள் காய் நறுக்குவது இடது கையால். ஊசி கோப்பது இடது கையால். டீ வைப்பது இடது பக்கம். எல்லாம் தினம் கண்ணெதிரில் நடந்ததுதான். இழைப்புளியும் இந்தக் கையும் ஒரே இடத்தில் சேரும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"அப்பாவுக்கு அந்த வருஷம் கை மணிக்கட்டு வீங்கிப்போச்சு. நான்தான் போட்டேன்," என்றாள். "முடிச்சதும் பென்சில் கேட்டேன். கொடுக்கல. பொண்ணு செஞ்சதுன்னு தெரிஞ்சா வந்தவன் பெட்டியை எடுத்துட்டுப் போக மாட்டான்னாரு. அப்படியும் அவன் வந்து எடுத்துட்டுப் போகல, அது வேற. ஆனா அவரும் தன் பேரைப் போட்டுக்கல. 'என் கை அல்ல'ன்னாவது எழுதினாரு."

இழைப்புளியை மேஜை மேல் வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணமான மூணாம் நாள் சொன்னேன், நானும் பட்டறையில கூட இருக்கட்டுமான்னு. பசைச்சட்டியைக் கழுவக் கொடுத்தீங்க."

வஜ்ரத்துக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சொல்லவும் முடியவில்லை. நன்றாகவே செய்திருப்பார்.

மணி ஒன்பதேகால். பதினொன்றுக்கு வண்டி. அவர் அடுப்பைப் பற்றவைத்து மெல்லிய கத்தியைச் சூடு பண்ணினார். நேற்றுப் போட்ட பசை. அவர் போட்ட பசை. இலேசில் விடுமா? ஒரு விரல் நகர ஐந்து நிமிஷம் ஆனது. ஒரு மூலையில் பலகை கொஞ்சம் பிளந்தும் போனது. தன் வேலையைத் தானே உடைப்பது அவருக்கு இதுவரை நேர்ந்ததில்லை.

"ஈரத்துணி வைங்க. சூடு மட்டும் போதாது," என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்," என்றார். தெரியும்தான். மறந்திருந்தார். ஈரத்துணி வைத்தார். விட்டது.

பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, தான் எழுதின வரியை அழிக்க உப்புத்தாளை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். முன்னாடி திறந்தவன் முட்டாள்னு ஒருத்தன் எழுதியிருக்கான்ல? எனக்கும் அப்படி யாரையாவது பத்தி எழுதணும்."

பென்சிலை அவர்தான் கொடுத்தார். அவள் இடது கையில் வாங்கி, குனிந்து, 'இவர் கையும் அல்ல. என் கை' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டாள். அடையாளம் எதுவும் வரையவில்லை. முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின தேதியை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எழுதினாள்.

"கோடு கோணலா இருக்கு," என்றார் வஜ்ரம்.

"பலகையா?"

"எழுத்து."

"எழுத்துதான?" என்றாள் அவள்.

பதினொன்றுக்கு மியூசியத்து அம்மா வந்தபோது பெட்டி மறுபடி கிளாம்ப்பில் இருந்தது. "சாயங்காலம்தான் எடுக்க முடியும்," என்றார் வஜ்ரம். "அப்புறம் அந்த நோட்டை எடும்மா. நான் சொன்னதை அடி."

"எதை ஐயா?"

"மேல்பலகை நான் போடல. பொய் சொன்னேன். இவ போட்டது." பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார். "பேரை அவகிட்டயே கேட்டு எழுதிக்கோ. எழுத்துக்கூட்டிச் சொல்லுவா. உள்ள ரெண்டும் எழுதியிருக்கு, என் பொய்யும் அவ பேரும். நூறு வருஷம் கழிச்சு எவனாவது திறந்தா சிரிக்கட்டும்."

மியூசியத்து அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டில் ஒரு வரியை அடித்தாள். பிறகு பெண்டாட்டியிடம் திரும்பிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள். என்ன மரம், எத்தனை நாள், அந்தப் பக்கம் மட்டும் ஏன் மெலிசு? அவள் சொல்லிக்கொண்டே போனாள். வஜ்ரம் முளைகளைத் துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு பதிலையும் காதில் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் ஏன் மெலிசு என்பது அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நெட்டையனாக இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கோ கப்பலில் கிடப்பான், முகம் ஞாபகம் வராது. இவள் தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அவள் பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். இடது பக்கம் வைக்க வந்தவள், அங்கே பசைச்சட்டி இல்லாததைப் பார்த்தாள். அதை அவர் வலது பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். மேஜையின் இடது பக்கம் துடைத்துக் காலியாக இருந்தது. அதன் நடுவில், கம்பியைத் தாங்குகிற குதிரைக்கட்டை உடைந்த ஒரு பழைய வாத்தியமும், அதன் பக்கத்தில் அந்தச் சின்ன இழைப்புளியும்.

"கத்தியைத் தீட்டி வச்சிருக்கேன்," என்றார் வஜ்ரம், அவளைப் பார்க்காமல். "மழுங்கியிருக்குன்னு இனிமே சொல்ல முடியாது. செய், பார்ப்போம்."